ஜிமிக்கியும் ஒரு ஸ்கிரீன்ஷாட்டும்: கைவினைப் பொருள் விற்பவர் இணையத்தில் எப்படிப் பேசுவது

ஒரு தப்பை ஒத்துக்கொண்டு ஆரம்பித்துவிடுகிறேன்.

என் தங்கை மதுரையில் டெரகோட்டா நகை செய்து விற்கிறாள். 2020 ஊரடங்கில் பொழுதுபோகாமல் ஆரம்பித்தது. இப்போது அவர்கள் வீட்டுக் கடன் தவணையில் பாதி அந்த வருமானத்தில்தான் போகிறது. கடை என்று தனியாக எதுவும் கிடையாது. ஒரு இன்ஸ்டாகிராம் பக்கம், ஒரு வாட்ஸ்அப் பிசினஸ் எண், அவ்வளவுதான் கடை. அண்ணன் சாஃப்ட்வேர் ஆள் என்பதால் பக்கத்தைப் பார்த்துக்கொள்வது, படங்களைச் சரி செய்வது எல்லாம் என் வேலை. அவளுடைய வாட்ஸ்அப் என் லேப்டாப்பிலும் இணைந்திருந்தது.

மூன்று வருடம் முன்பு ஆவணி மாதத்தில் அவளுக்குக் காய்ச்சல். "ரெண்டு நாளைக்கு மெசேஜ் மட்டும் பாத்துக்கண்ணே" என்றாள். பார்த்துக்கொண்டேன். இரண்டாம் நாள் இரவு பதினோரு மணிக்கு ஒரு வாடிக்கையாளரிடமிருந்து வரிசையாக மெசேஜ். தங்கை கல்யாணத்துக்கு மெரூன் பட்டுப்புடவைக்குப் பொருத்தமாக ஒரு செட் வாங்கியிருக்கிறார். படத்தில் மெரூன், கைக்கு வந்தது செங்கல் நிறம். ஒரு ஜிமிக்கியின் கொக்கியும் உடைந்திருக்கிறது. நாளை மறுநாள் முகூர்த்தம். கடைசி வரி: "ஏமாத்துறீங்களா???"

"அன்பாக்சிங் வீடியோ இருக்கா?" என்று கேட்டேன். இல்லை என்றார். "ரிட்டர்ன் கிடையாதுன்னு பயோல போட்டிருக்கோம், படிக்கலையா?" என்று அடுத்தது. "அப்ப நான் எல்லா குரூப்லயும் போடுறேன்" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. அந்த உரையாடலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பெயரை மட்டும் மறைத்து, "இப்படியும் சில கஸ்டமர்கள்" என்று ஒரு சிரிப்பு எமோஜியோடு ஸ்டோரியில் போட்டுவிட்டுத் தூங்கப் போனேன். இரண்டாவது படத்தின் மேல் ஓரத்தில் அவர் ஆர்டர் செய்தபோது அனுப்பிய முகவரியும் போன் நம்பரும் அப்படியே இருந்தன. நான் கவனிக்கவில்லை.

காலையில் தங்கை கூப்பிட்டாள். "நீ ஜெயிச்சுட்டண்ணே. இனிமே எனக்கு யாரு ஆர்டர் குடுப்பா?"

அவள் ஸ்டோரியை எடுத்துவிட்டு, அந்த அம்மாவைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டு, முழுப் பணத்தையும் திருப்பி அனுப்பினாள். வேறு செட் ஒன்றை அன்றைக்கே பஸ் பார்சலில் போடுவதாகவும் சொன்னாள். "பணம் வந்துருச்சு. நகை வேணாம். கல்யாண வீட்டுல இருக்கேன், யார் யாரோ போன் பண்ணித் திட்டுறாங்க. அத மட்டும் நிறுத்தச் சொல்லுங்க" என்று பதில் வந்தது. அதை எங்களால் நிறுத்த முடியவில்லை. அன்று மதியமே என் லேப்டாப்பிலிருந்து அவள் வாட்ஸ்அப்பைத் துண்டித்துவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் இந்த விஷயத்தைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். ஆய்வுக் கட்டுரைகள், சட்டப் பிரிவுகள், கொஞ்சம் பொருளாதாரம். அந்தக் குறிப்புகளின் தொகுப்புதான் இது. நான் வழக்கறிஞர் இல்லை, வியாபாரியும் இல்லை என்பதை நினைவில் வைத்துப் படிக்கவும்.

வாங்குபவர் எதை வாங்குகிறார்?

மண் ஜிமிக்கி ஒன்றை 350 ரூபாய் கொடுத்து ஒருவர் ஏன் வாங்க வேண்டும்? அதே அளவு பிளாஸ்டிக் ஜிமிக்கி பஜாரில் 50 ரூபாய்க்குக் கிடைக்கிறதே?

கிறிஸ்டோஃப் ஃபுக்ஸ், மார்ட்டின் ஷ்ரையர், ஸ்டைன் வான் ஒசலார் என்ற மூவர் 2015இல் ஜர்னல் ஆஃப் மார்க்கெட்டிங் இதழில் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒரே மாதிரியான பொருளைச் சிலரிடம் 'கையால் செய்தது' என்றும், சிலரிடம் 'இயந்திரத்தில் செய்தது' என்றும் சொல்லிக் காட்டியிருக்கிறார்கள். கையால் செய்தது என்று கேள்விப்பட்டவர்களுக்கு அது கூடுதலாகப் பிடித்திருக்கிறது. காரணத்தைத் தோண்டியபோது தரம், அபூர்வம் போன்றவற்றைத் தாண்டி வேறொன்று தெரிந்தது. செய்தவரின் அன்பு அந்தப் பொருளுக்குள் இருப்பதாக வாங்குகிறவர் உணர்கிறார். அதனால்தான் தனக்கு நெருக்கமானவர்களுக்குப் பரிசளிக்கும்போது கையால் செய்ததற்குக் கூடுதல் விலை கொடுக்கத் தயாராக இருக்கிறார்.

இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய இன்னொரு ஆய்வு ஜஸ்டின் குரூகரும் அவரது சகாக்களும் 2004இல் வெளியிட்டது. ஒரே கவிதை, ஒரே ஓவியம். அதைச் செய்ய அதிக நேரம் ஆனது என்று கேள்விப்பட்டவர்கள், குறைவான நேரம் என்று கேள்விப்பட்டவர்களைவிட அதை உயர்வாக மதிப்பிட்டார்கள். உழைப்பைக் கொண்டுதான் நாம் தரத்தை அளக்கிறோம் என்பது அவர்கள் முடிவு.

இரண்டையும் சேர்த்தால் எனக்குப் புரிவது இதுதான்: கைவினைப் பொருளை வாங்குபவர், அதைச் செய்த ஆளையும் சேர்த்தே வாங்குகிறார். தொழிற்சாலைப் பொருளில் பழுது இருந்தால் கம்பெனியைத் திட்டிவிட்டு மறந்துவிடலாம். கையால் செய்த பொருளின் சொந்தக்காரர் நம்மிடம் முகம் சுளித்தால், வாங்கிய பொருளே கெட்டுப்போகிறது. காதில் மாட்டும்போதெல்லாம் அந்தச் சண்டைதான் ஞாபகம் வரும். ஆக, விற்பவரின் பேச்சும் சரக்கில் ஒரு பகுதி. நான் அந்த இரவு கொக்கியோடு சேர்த்து அதையும் உடைத்தேன்.

நம் ஊரில் இதற்கு ஒரு தனி முகமும் உண்டு. தமிழ் இன்ஸ்டாகிராம் கடைகளில் யாரும் 'வாடிக்கையாளரே' என்று பேசுவதில்லை. "சொல்லுங்க சிஸ்", "ஓகேங்க அக்கா", "கண்டிப்பாம்மா", "பண்ணிடலாம் டா". ஆர்டர் வாங்கும்வரை எல்லாரும் உறவு. குறை என்று ஒன்று வந்ததும் "எங்கள் பாலிசிப்படி" என்று கோர்ட் பாஷை ஆரம்பிக்கும். அக்கா என்று கூப்பிட்டவர் திடீரென்று எதிர்க்கட்சி வக்கீல் ஆனால் யாருக்கும் கோபம் இரண்டு மடங்காகத்தான் வரும். உறவுச் சொல்லோடு ஆரம்பித்தால் கடைசிவரை அதே மரியாதையைக் காப்பாற்ற வேண்டும். முடியாது என்று தோன்றினால் ஆரம்பத்திலேயே "சொல்லுங்க மேடம்" என்று வைத்துக்கொள்வது இருவருக்கும் நல்லது.

செய்தவருக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது?

விற்பவர் பக்கத்தையும் சொல்ல வேண்டும். மண்ணைப் பிசைந்து, உருட்டி, நிழலில் நாள்கணக்கில் காயவைத்து, சூளையில் சுட்டு, வண்ணம் அடித்து, கொக்கி மாட்டி ஒரு செட் முடிய என் தங்கைக்குக் கிட்டத்தட்ட ஒரு வாரம் ஆகும். சுடும்போது விரிசல் விட்டால் அந்த உழைப்பு குப்பைக்கு. அப்படிச் செய்த ஒன்றை "களிமண்ணுக்கு இவ்வளவு விலையா?" என்று யாராவது கேட்டால் எப்படி இருக்கும்?

மைக்கேல் நார்ட்டன், டேனியல் மோச்சன், டான் ஏரியலி மூவரும் 2012இல் 'ஐகியா விளைவு' என்ற பெயரில் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். காகிதத்தில் கொக்கு, தவளை மடிக்கத் தெரியாதவர்களை மடிக்கச் சொன்னார்கள். மடித்தவர்கள் தாங்கள் செய்த கோணல்மாணலான உருவத்துக்குச் சராசரியாக 23 சென்ட் தரத் தயாராக இருந்தார்கள். அதே உருவத்துக்கு, மடிக்காத மற்றவர்கள் தரத் தயாராக இருந்தது 5 சென்ட். இதைவிட முக்கியமான கண்டுபிடிப்பு, மற்றவர்களும் தங்களைப் போலவே அதை மதிப்பார்கள் என்று மடித்தவர்கள் நம்பினார்கள்.

கைவினைஞர்கள் எல்லாரும் கற்றுக்குட்டிகள் என்று நான் சொல்ல வரவில்லை. செய்தவர் கண்ணுக்கும் வாங்குபவர் கண்ணுக்கும் இடையில் ஓர் இடைவெளி எப்போதும் இருக்கும். அது ஆணவத்தாலோ கஞ்சத்தனத்தாலோ வருவதில்லை, மனித இயல்பிலேயே இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டால் "ஏன் இவ்வளவு விலை?" என்ற கேள்வியை அவமானமாக எடுத்துக்கொள்ளாமல், விவரம் கேட்பதாக எடுத்துக்கொள்ள முடியும். பதிலும் கைவசம் இருக்கிறது. எத்தனை மணி நேரம், என்ன மண், எத்தனை முறை சுடுவது என்று செய்முறையை வீடியோவாகக் காட்டலாம். குரூகரின் 2004 ஆய்வு சொல்வதும் அதுதானே. "கலையோட அருமை தெரியாதவங்களுக்கு எங்க பக்கம் இல்ல" என்று ஸ்டேட்டஸ் போடுவதைவிட, மண் பிசையும் முப்பது விநாடி வீடியோ நன்றாக வேலை செய்யும்.

எழுத்தில் வரும் சிக்கல் வேறு. அதே குரூகர், நிக்கோலஸ் எப்லி முதலானவர்களோடு சேர்ந்து 2005இல் மின்னஞ்சலை வைத்து ஒரு சோதனை செய்தார். சில வாக்கியங்களைக் கிண்டலாகவும் சிலவற்றைச் சாதாரணமாகவும் எழுதி அனுப்பச் சொன்னார்கள். படிப்பவர் நூற்றுக்கு 78 தடவை சரியாகப் புரிந்துகொள்வார் என்று எழுதியவர்கள் எதிர்பார்த்தார்கள். உண்மையில் சரியாக இருந்தது 56 தடவை. காசைச் சுண்டிப் பார்த்திருந்தாலே 50 வந்திருக்கும்! தன் தொனி எழுத்தில் தெரிகிறது என்று எழுதுபவருக்குத் தோன்றுகிறது, படிப்பவருக்கு அது போய்ச் சேர்வதில்லை.

என் "அன்பாக்சிங் வீடியோ இருக்கா?" எனக்கு ஒரு சாதாரணக் கேள்வி. கல்யாண வீட்டில் உட்கார்ந்து படிப்பவருக்கு "நீ பொய் சொல்லவில்லை என்பதற்கு என்ன ஆதாரம்?" அவருடைய மூன்று கேள்விக்குறிகளும் அப்படித்தான். நான் அதைத் திட்டாகப் படித்தேன். பதற்றமாகப் படித்திருக்கலாம். எழுத்தில் சூடு ஏறுவதுபோல் தெரிந்தால் போனை எடுத்துப் பேசிவிடுவது நல்லது. குறைந்தபட்சம் ஒரு வாய்ஸ் நோட்.

சட்டம் ஏற்கெனவே பேசியிருக்கிறது

இந்தப் பகுதியைப் படித்தபோதுதான் எனக்கு உண்மையில் வியர்த்தது.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(47), 'நியாயமற்ற வணிக நடைமுறை' என்றால் என்ன என்று ஒரு பட்டியல் தருகிறது. பொய் விளம்பரம் எல்லாம் அதில் இருக்கும் என்று நமக்கே தெரியும். நம்மில் பலருக்குத் தெரியாத மூன்று அந்தப் பட்டியலில் உண்டு. ஒன்று, விற்ற பொருளுக்கு பில் தராமல் இருப்பது. இரண்டு, பழுதுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ள மறுப்பது. பில்லில் காலக்கெடு குறிப்பிட்டிருந்தால் அதற்குள், இல்லாவிட்டால் 30 நாளுக்குள் எடுத்துக்கொள்ள வேண்டும். மூன்று, நுகர்வோர் நம்பிக்கையோடு கொடுத்த சொந்த விவரங்களைச் சட்டப்படியான காரணம் இல்லாமல் வேறொருவருக்கு வெளியிடுவது.

மூன்றாவதைத் திரும்பப் படியுங்கள். நான் ஸ்டோரியில் போட்டது அதுதான். கவனக்குறைவு என்று நானும், 'கஸ்டமருக்குப் பாடம்' என்று வேறு சிலரும் நினைக்கும் விஷயம், சட்டத்தின் பட்டியலில் பெயரோடு இருக்கிறது. பெயரை மறைத்துவிட்டால் போதுமா என்றால், முகப்புப் படம், ஊர், புடவையின் போட்டோ, கல்யாணத் தேதி எல்லாம் சேர்ந்து ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இது தவிர 2020 ஜூலையில் வந்த மின்வணிக விதிகள் இருக்கின்றன. எப்போதோ ஒரு தடவை சொந்தப் பொருளை விற்கும் தனிநபருக்கு அவை பொருந்தாது. அதையே ஒழுங்காக, தொடர்ச்சியாக, வியாபாரமாகச் செய்தால் அந்த விலக்கு இல்லை. "நாங்க சும்மா வீட்ல இருந்து பண்றோம்" என்பது நல்ல அறிமுகம்தான், ஆனால் அது விலக்கு ஆகாது. வணிகத் தளங்கள் வழியாக விற்பவர்களுக்கு அந்த விதிகள் சொல்வதில் நமக்கு வேண்டிய சாரம்:

பொருள் பழுதாக இருந்தாலோ, விளம்பரத்தில் சொன்ன தன்மையில் இல்லாவிட்டாலோ, சொன்ன தேதியைத் தாண்டி வந்தாலோ திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது. புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் 'கிடைத்தது' என்று சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். விற்பவரே வாங்கியவர்போல நடித்து விமர்சனம் எழுதக் கூடாது. எல்லாச் செலவும் சேர்த்த மொத்த விலையை ஒரே தொகையாகக் காட்ட வேண்டும்.

பயோவில் "நோ ரிட்டர்ன், நோ எக்ஸ்சேஞ்ச்" என்று எழுதிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நானும்தான் நினைத்திருந்தேன். மனசு மாறிவிட்டது, பிடிக்கவில்லை என்று சொல்பவரிடம் அதைக் காட்டலாம். உடைந்ததற்கும் நிறம் மாறி வந்ததற்கும் அது செல்லாது. அன்பாக்சிங் வீடியோவும் அப்படித்தான். கேட்பதில் தப்பில்லை, மோசடிப் புகார்கள் வருகிற காலத்தில் அது உதவும். ஆனால் வீடியோ இல்லையென்றால் உரிமையே இல்லை என்று இந்தச் சட்டத்திலோ விதிகளிலோ எங்கும் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு ஒருவர் கூப்பிட்டால், பயோவில் உள்ள வரி நம்மைக் காப்பாற்றும் என்று நம்பி உட்கார முடியாது.

"விலைக்கு டிஎம் பண்ணுங்க"

கைவினைப் பக்கங்களில் அதிகம் எரிச்சலூட்டும் வரி எது என்று அலுவலகத்தில் சும்மா கேட்டுப் பார்த்தேன். கிட்டத்தட்ட எல்லாரும் சொன்னது இதைத்தான். கமெண்டில் 'பிபி' என்று போட்டுவிட்டு விலைக்காகக் காத்திருக்க வேண்டும்.

விற்பவர்களுக்குக் காரணங்கள் உண்டு. போட்டியாளர் விலையைப் பார்த்து ஐம்பது ரூபாய் குறைத்துவிடுவார். கமெண்ட் கூடினால் பதிவு நாலு பேருக்குப் போய்ச் சேரும். பேச்சுக் கொடுத்தால் விற்பனை முடியும். எல்லாம் சரிதான். ஆனால் வாங்குபவருக்குத் தோன்றுவது ஒன்றே ஒன்று: 'என் புரொஃபைலைப் பார்த்துவிட்டு விலை சொல்வார்கள்.'

மானுடவியலாளர் கிளிஃபோர்ட் கியர்ட்ஸ் மொராக்கோவின் செஃப்ரூ நகரச் சந்தையை ஆராய்ந்து 1978இல் ஒரு சிறிய, அருமையான கட்டுரை எழுதினார். சந்தையில் தகவல் அரிதானது, எல்லாருக்கும் ஒரே மாதிரி கிடைக்காதது, அதைத் தேடுவதே அங்கே பெரிய வேலை என்கிறார். அந்த அலைச்சலைக் குறைக்கத்தான் மக்கள் பேரம் பேசுகிறார்கள், ஒரே கடைக்காரரிடம் வாடிக்கை வைத்துக்கொள்கிறார்கள். நம் ஊர் 'வாடிக்கை' என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கம் நான் பார்த்ததில்லை. சந்தையில் விலையை மறைத்தாலும் பொருளைத் தொட்டுப் பார்க்கலாம், பக்கத்துக் கடையில் கேட்கலாம், கடைக்காரர் முகத்தைப் பார்க்கலாம். இன்ஸ்டாகிராமில் அது எதுவும் கிடையாது. அங்கே விலையையும் மறைத்தால் வாங்குபவர் கையில் மிஞ்சுவது சந்தேகம்தான்.

விலையைப் போடுவது மரியாதை. அளவு, நிறம் மாறினால் விலை மாறும் என்றால் "350இலிருந்து ஆரம்பம், கூரியர் தனி 60" என்று எழுதினாலும் போதும். 'சிறு வியாபாரத்தை ஆதரியுங்கள்' என்று கெஞ்சுவதையும் இங்கேயே சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை கேட்டால் வேண்டுகோள். வாரம்தோறும் கேட்டால், வாங்காமல் போகிறவருக்குக் குற்ற உணர்ச்சியை ஊட்டுவதாகிவிடும்.

'கையால் செய்தது' என்ற சொல்

1970இல் ஜார்ஜ் அக்கர்லாஃப் பழைய கார் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். பின்னாளில் 2001இல் நோபல் பரிசு பெற்றார். அவர் வாதம் எளிமையானது. நல்ல காருக்கும் ஓட்டைக் காருக்கும் வித்தியாசம் வாங்குபவருக்குத் தெரியாவிட்டால், அவர் இரண்டுக்கும் நடுத்தரமான விலைதான் தருவார். அந்த விலைக்கு நல்ல கார் வைத்திருப்பவர் விற்க மாட்டார். கடைசியில் சந்தையில் ஓட்டைக் கார்கள் மட்டும் நிற்கும்.

கைவினைச் சந்தையில் அந்த ஓட்டைக் கார், மொத்த விலைக் கடையில் வாங்கிய அச்சு நகையை 'என் கையால் செய்தது' என்று விற்பது. 2005இல் கைவினைப் பொருளுக்கென்றே அமெரிக்காவில் தொடங்கிய எட்சி தளத்துக்கே இது பெரிய தலைவலி. 2013இல் விதியைத் தளர்த்தி, விற்பவர்கள் வெளி உற்பத்தியாளர்களின் உதவியைப் பெறலாம் என்றது. கைவினைஞர்கள் பலர் கொதித்தார்கள். 2024இல் விற்பவரே செய்தது, விற்பவர் வடிவமைத்தது, தேர்ந்தெடுத்துத் தந்தது, மூலப்பொருளாக வாங்கித் தந்தது என்று தனித்தனி அடையாளங்களைக் கொண்டுவந்தது. உள்ளதை உள்ளபடி பிரித்துச் சொல்வது என்ற அளவில் அது நல்ல யோசனை. நம்முடைய பக்கத்திலும் அப்படியே எழுதலாம்: "மணியும் கொக்கியும் வெளியில் வாங்கியவை, மண் வேலையும் வண்ணமும் என் கை." இதைப் படித்து யாரும் ஓடிப்போவதில்லை.

ஊர்ப் பெயர்களில் இன்னும் கவனம் வேண்டும். பத்தமடைப் பாய், செட்டிநாட்டுக் கொட்டான், தோடர் எம்பிராய்டரி எல்லாம் புவிசார் குறியீடு பெற்றவை. அதற்கான பதிவகமே சென்னை கிண்டியில்தான் இருக்கிறது. வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகத் தோடர் பெண்கள் கையால் தைக்கும் வேலையின் பெயரை, இயந்திரத்தில் தைத்த சால்வைக்கு வைப்பது அவர்கள் சோற்றில் கை வைப்பது. பொய்யான புவிசார் குறியீட்டைப் பயன்படுத்துவது சிறைத் தண்டனை வரை போகக்கூடிய குற்றமும்கூட.

அடுத்தவர் எடுத்த போட்டோவைத் தன் பக்கத்தில் போட்டு 'இதுபோல் செய்து தரப்படும்' என்பதும் இதே வகை. போட்டோவுக்குப் பதிப்புரிமை உண்டு, பொதுவாக அது எடுத்தவருக்கு. சரி, நம் படத்தை ஒருவர் திருடிவிட்டால்? நேராக ஸ்டோரியில் போட்டுக் கும்பலைக் கூட்டுவதற்கு முன் தனி மெசேஜில் கேட்கலாம், கேட்காவிட்டால் தளத்திலேயே பதிப்புரிமைப் புகார் கொடுக்கலாம். கூட்டம் எந்தப் பக்கம் திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. எனக்கு அனுபவம் இருக்கிறது.

அந்த செங்கல் நிறம்

கடைசியாக ஒரு விஷயம். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாதம் ஆயிற்று.

அந்த செட்டை என் தங்கை செங்கல் சிவப்பில்தான் செய்திருந்தாள். அவள் நோட்டிலும் அப்படித்தான் இருக்கிறது. பக்கத்தில் நிறம் என்று எதுவும் எழுதவில்லை, வெறும் 'செட் 47'. அவள் அனுப்பிய படம் மங்கலாக இருக்கிறதே என்று, கொஞ்சம் நீலம் கூட்டி, நிறத்தை அழுத்தி, எல்லாப் படங்களுக்கும் ஒரே ஃபில்டர் போட்டு ஏற்றியது நான். செங்கல், மெரூன் ஆகிவிட்டது. அந்த அம்மா சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. 'சொன்ன தன்மையில் இல்லை' என்று விதியில் சொல்கிற குறையை உண்டாக்கியதும் நான்தான், அதைச் சொன்னவரை ஊர் சிரிக்க வைத்ததும் நான்தான்.

கேமராவுக்கு நிறம் தெரியாது. எந்த விளக்கின் கீழ் இருக்கிறோம் என்று ஊகித்து, வெள்ளை எது என்று முடிவு செய்து, அதற்கேற்ப மற்ற நிறங்களை நகர்த்துகிறது. அதனால் மஞ்சள் பல்பில் ஒரு நிறம், வாசலில் ஒரு நிறம். பார்ப்பவரின் போன் திரை அதை இன்னும் கொஞ்சம் மாற்றும். இதற்குச் செலவில்லாத வழி இருக்கிறது. பொருளுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, பகலில் நிழலான இடத்தில் எடுக்க வேண்டும். தாள் படத்தில் வெள்ளையாகத் தெரிந்தால் மற்ற நிறமும் கிட்டத்தட்ட சரி. அளவு தெரிய ஒரு பத்து ரூபாய் நாணயம். அதன் விட்டம் 27 மில்லிமீட்டர், எல்லார் வீட்டிலும் இருக்கும். நிறத்தின் பெயரை எழுத்திலும் போட்டுவிட வேண்டும்.

இப்போது எப்படி நடக்கிறது

என் தங்கை இந்தக் கட்டுரைகள் எதையும் படித்ததில்லை. அவளாகவே சில வழக்கங்களை வைத்துக்கொண்டிருக்கிறாள். ஒவ்வொரு படத்திலும் விலை இருக்கும். பார்சலைக் கட்டி முடித்ததும் இடுப்பு உயரத்திலிருந்து மூன்று முறை கீழே போடுவாள், பிறகு பிரித்துப் பார்த்துத் திரும்பக் கட்டுவாள். கூரியர்காரர் மேல் பழி போட்டு என்ன பயன், காசு வாங்கியது நாம்தானே என்பாள். தீபாவளிக்கு மூன்று வாரம் முன்பே ஆர்டரை நிறுத்திவிடுவாள். இரவு ஒன்பதுக்கு மேல் "காலையில் பேசுகிறேன்" என்று தானாகப் போகும் பதில் ஒன்றுதான்.

பொதுவில் யாராவது குறை எழுதினால் அதை அழிப்பதில்லை. "தப்பா வந்திருக்கு, மன்னிச்சுக்கோங்க, உங்களுக்கு இப்பவே போன் பண்றேன்" என்று அங்கேயே ஒரு வரி, மீதியெல்லாம் போனில். சரியானதும் அதே இடத்தில் "மாத்தி அனுப்பியாச்சு" என்று இன்னொரு வரி. புதிதாக வருகிறவர்கள் அந்த இரண்டு வரியைத்தான் படிக்கிறார்கள் என்பது அவள் கணக்கு. உண்மையிலேயே ஏமாற்ற வருகிறவர்களும் உண்டு. போன வருடம் ஒருவர் வேறு யாரோ செய்த உடைந்த தோட்டின் படத்தை அனுப்பிப் பணம் கேட்டார். "இது என் வேலை இல்லைங்க, என் வேலைல பின்னாடி சின்னதா ஒரு புள்ளி இருக்கும்" என்று பதில் போட்டாள். அவ்வளவுதான். ஸ்கிரீன்ஷாட் எதுவும் வெளியே போகவில்லை.

அந்த அம்மா அதற்குப் பிறகு எதுவும் வாங்கவில்லை. ஃபில்டர் விஷயம் தெரிந்த பிறகு நானே கூப்பிட்டு உண்மையைச் சொல்லட்டுமா என்று தங்கையிடம் கேட்டேன். "அவங்க நம்பர நீ இனிமே தொடவே கூடாது" என்றாள். நியாயம்தான். அவளே ஒரு கடிதம் எழுதி, தப்பு எங்கள் படத்தில்தான் என்று சொல்லி, தபாலில் அனுப்பினாள். பதில் வரவில்லை.

எனக்கு இன்னும் அந்த வாட்ஸ்அப் திரும்பக் கிடைக்கவில்லை. படம் எடுக்கும்போது வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொள்கிற வேலை மட்டும் கொடுத்திருக்கிறாள்.